மறதியை உண்டாக்கும் மருந்துகள்: மதராஸ் முதல் கிண்டி வரை

மறதியை உண்டாக்கும் மருந்துகள் என்பவை, வேறொரு நோய்க்காகக் கொடுக்கப்பட்டு, நினைவாற்றல், கவனம், சிந்தனைத் தெளிவு ஆகியவற்றைக் குறைக்கக்கூடிய மருந்துகளாகும். சளி, தூக்கமின்மை, சிறுநீர் அடங்காமை, நரம்பு வலி, வயிற்றெரிச்சல், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான அன்றாட மருந்துகள் சிலவும் இவற்றில் அடங்கும். இவற்றுள் சில நேரடியாக மூளையில் செயல்படுகின்றன. வேறு சில, உடலில் ஒரு சத்தைக் குறைத்தோ இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தியோ மறைமுகமாக மூளையைப் பாதிக்கின்றன.

இத்தகைய மறதியின் சிறப்பு, பல நேரங்களில் அது திரும்பப் பெறக்கூடியது என்பதாகும். காரணமான மருந்தை மருத்துவர் மாற்றினால் தெளிவு மீளக்கூடும். ஆனால் "வயசாயிடுச்சு, மறதி வரத்தான் செய்யும்" என்று குடும்பத்தார் விட்டுவிட்டால் அந்த வாய்ப்பு நழுவிவிடுகிறது. இந்த அறிவு வளர்ந்த வரலாற்றில் சென்னை நகருக்குத் தொடக்கத்திலும் அண்மைக் காலத்திலும் இடம் உண்டு.

ஊமத்தையும் மதராஸும்

நினைவைக் குழப்பும் பொருள்களில் தமிழகம் நெடுங்காலமாக அறிந்தது ஊமத்தை. பித்துப் பிடித்த நிலையைக் குறிக்கும் 'உன்மத்தம்' என்ற சொல்லோடு இதன் பெயர் தொடர்புடையது. சிவனுக்கு உரிய மலராக ஊமத்தம்பூ போற்றப்படுகிறது. அதே செடியின் விதை நஞ்சு என்பதும் ஊரறிந்த செய்தி. 19-ஆம் நூற்றாண்டில் வழிப்போக்கர்களுக்கு உணவில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடித்த நிகழ்வுகள் இந்தியாவின் பல பகுதிகளிலும் பதிவாகியுள்ளன. உயிர் பிழைத்தவர்களில் பலரால் நடந்ததைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. நினைவைக் கலைப்பதே அந்த நஞ்சின் இயல்பு.

இதே செடி மருந்தாகவும் பயன்பட்டது. உலர்ந்த ஊமத்தையைப் புகைத்தால் ஆஸ்துமா மூச்சிரைப்பு தணியும் என்பது தென்னிந்தியாவில் வழக்கில் இருந்த அறிவு. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை அறிந்து ஜெனரல் ஜென்ட் என்ற இராணுவ அதிகாரிக்குத் தெரிவித்தார். 1802-இல் ஜென்ட் வழியாக இம்முறை பிரிட்டனுக்குச் சென்றது. பின்னர் அங்கு ஊமத்தை இனச் செடிகளைக் கொண்டு செய்த 'ஆஸ்துமா சிகரெட்டுகள்' 20-ஆம் நூற்றாண்டு வரை விற்கப்பட்டன. தாவர ஆய்வில் ஈடுபாடு கொண்டிருந்த ஆண்டர்சனின் சிலை, மயிலாப்பூரை அடுத்த கதீட்ரல் சாலையில் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் இன்றும் உள்ளது.

1868-இல் வெளியான இந்திய மருந்து நூலில் ஊமத்தை இடம் பெற்றது. திருவல்லிக்கேணி மருந்தகத்தில் மருத்துவராகப் பணியாற்றிய முதீன் ஷெரீப் 1869-இல் அந்நூலுக்கு ஓர் இணைப்பு நூல் எழுதினார். ஒரே மருந்துப் பொருளுக்குத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வழங்கும் பெயர்களை அவர் ஒழுங்குபடுத்தித் தந்தார். பெயர் குழம்பினால் மருந்தே நஞ்சாகும் காலத்தில் அது பெரும் பணி.

மறதியே மருந்தான காலம்

ஊமத்தையிலும் அதன் உறவுச் செடிகளிலும் உள்ள முதன்மையான வேதிப்பொருள்கள் அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவை. அட்ரோபின் 1830-களில் ஜெர்மனியில் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. ஸ்கோபோலமின் 1880-களில் அறியப்பட்டது.

1906-இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் கார்ல் காஸ் என்ற மருத்துவர், ஸ்கோபோலமினையும் மார்பினையும் சேர்த்துப் பிரசவ காலத்தில் கொடுக்கும் முறையை வெளியிட்டார். 'அந்தித் தூக்கம்' என்று பெயர் பெற்ற இம்முறையில் தாய்மார்களுக்கு வலி முழுவதும் நீங்கவில்லை. வலித்தது என்ற நினைவு மட்டுமே நீங்கியது. ஒரு மருந்தால் நினைவு பதிவாவதையே தடுக்க முடியும் என்பதற்கு இது வெளிப்படையான சான்று. ஆயினும் இதே குணம் சாதாரண மருந்துகளிலும் சிறிய அளவில் இருக்கக்கூடும் என்று அன்று எவரும் கருதவில்லை.

அசிடைல்கோலின்

மறதிக்கான காரணம் வேறொரு வழியில் தெளிவாயிற்று. 1921-இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு நடத்திய சோதனையில், நரம்புகள் ஒரு வேதிப்பொருளின் வழியாகச் செய்தி அனுப்புகின்றன என்று காட்டினார். அப்பொருள் அசிடைல்கோலின் என அறியப்பட்டது. லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உமிழ்நீர் சுரப்பதிலும், குடல் அசைவதிலும், சிறுநீர்ப்பை சுருங்குவதிலும், மூளையில் புதிய செய்தி பதிவாவதிலும் அசிடைல்கோலினுக்குப் பங்கு உண்டு. அட்ரோபினும் ஸ்கோபோலமினும் இதன் வேலையைத் தடுக்கின்றன. ஆகவே வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தடைப்படுதல், பார்வை மங்கல், மனக்குழப்பம் ஆகியவை ஒன்றாகத் தோன்றுகின்றன. ஒரு முதியவருக்கு வாய் உலர்வும் மலச்சிக்கலும் மறதியும் ஒரே காலத்தில் தொடங்கினால், அவர் புதிதாக உண்ணத் தொடங்கிய மாத்திரையைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவது இதனால்தான்.

1974-இல் டேவிட் டிராக்மன், ஜேனட் லெவிட் ஆகியோர் நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களுக்கு ஸ்கோபோலமின் கொடுத்து நினைவுத் தேர்வு நடத்தினர். அவர்களிடம் தோன்றிய நினைவுக் குறை, மருந்து உண்ணாத முதியவர்களிடம் காணப்படும் குறையை ஒத்திருந்தது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிடைல்கோலினை உருவாக்கும் திறன் குறைந்திருப்பது 1976-இல் தெரிய வந்தது. அதை ஈடுகட்டும் டோனபெசில் என்ற மருந்து 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

வீட்டு மருந்துப் பெட்டி

ஊமத்தையின் குணம் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட மருந்துகள் பலவற்றிலும் இருந்தது. ஒவ்வாமைக்கான முதல் தலைமுறை மருந்துகள் 1940-களில் புழக்கத்துக்கு வந்தன. 1946-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டைஃபென்ஹைட்ரமின், அதன் பின் வந்த குளோர்பெனிரமின் ஆகியவை இன்றும் இருமல் மருந்துகளிலும் சளி மாத்திரைகளிலும் உள்ளன. இவை தூக்கத்தை வரவழைப்பதும் மூளைக்குள் நுழைவதால்தான். நடுக்குவாதத்துக்கும் மனநோய் மருந்துகளால் வரும் உடல் விறைப்புக்கும் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடங்காமைக்குத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவையும் அசிடைல்கோலினைத் தடுப்பவையே.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைத்த பழைய அறிவின் வழிவந்தது 1970-களில் அறிமுகமான இப்ராட்ரோபியம் என்ற உறிஞ்சு மருந்து. இதன் வேதியமைப்பு மூளைக்குள் எளிதில் நுழையாதவாறு மாற்றப்பட்டிருந்தது. மூச்சுக்குழாய் விரியும், மனம் குழம்புவது அரிது. மருந்தின் நன்மையையும் தீமையையும் பிரிக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

தூக்க மருந்துகளின் வழி வேறு. குளோர்டையஸிபாக்ஸைடு 1960-இலும் டையஸிபாம் 1963-இலும் சந்தைக்கு வந்தன. அல்பிரஸோலம், லோரஸிபாம் போன்றவை பின்னர் வந்தன. இந்த வகையைச் சேர்ந்தவை பென்ஸோடையஸிபைன்கள் எனப்படும். அசிடைல்கோலினைத் தடுக்காமல், மூளையை அமைதிப்படுத்தும் வேறொரு வேதிப்பொருளின் செயலை இவை கூட்டுகின்றன. இவற்றை உண்ட பின் நடந்தவை நினைவில் பதிவது குறையும். அறுவைச் சிகிச்சைக்கு முன் இது உதவி. நாள்தோறும் உண்பவர்க்கு இது இழப்பு. முதியோருக்கு இரவில் தடுக்கி விழுந்து எலும்பு முறியும் ஆபத்தும் சேர்கிறது.

இந்தியாவில் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டமும் 1945-ஆம் ஆண்டின் விதிகளும் இம்மருந்துகளைக் கட்டுப்படுத்துகின்றன. ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகள் விதிகளின் 'ஜி' அட்டவணையில் உள்ளன. மருத்துவ மேற்பார்வை இன்றி உண்பது ஆபத்து என்ற எச்சரிக்கை அவற்றின் மேலுறையில் அச்சிடப்பட வேண்டும். 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணையில் அல்பிரஸோலம், டையஸிபாம், ஸோல்பிடெம் ஆகியவை சேர்க்கப்பட்டன. இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆயினும் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கும் வழக்கமும், பக்கத்து வீட்டாருக்குக் கேட்ட மருந்தைத் தாமும் வாங்கி உண்ணும் வழக்கமும் மறையவில்லை.

சர்க்கரை மாத்திரையும் பி12 சத்தும்

மறைமுகமாக நினைவைப் பாதிக்கும் மருந்துகளில், சைவ உணவு வழக்கம் மிகுந்த மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், தி. நகர் போன்ற பகுதிகளுக்கு நெருக்கமானது பி12 பற்றிய செய்தி. 1948-இல் தூய நிலையில் பிரிக்கப்பட்ட பி12, நரம்புகளின் நலத்துக்குத் தேவையான சத்து. இது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உள்ளது. காய்கறியிலும் தானியத்திலும் இல்லை. சைவ உணவினருக்குப் பாலும் தயிருமே வழி. தென்னிந்தியரின் பி12 தேவை குறித்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மத்தானும் நடத்திய ஆய்வுகள் உலக அளவில் அறியப்பட்டவை.

சர்க்கரை நோய்க்கு முதலில் தரப்படும் மெட்ஃபார்மின் 1957-இல் பிரான்சில் மருந்தாக அறிமுகமானது. நெடுநாள் உண்பவர்களில் சிலருக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது என்பது 1970-களின் தொடக்கத்திலேயே தெரிந்தது. 1980-களின் இறுதியில் வந்த ஒமிப்ரஸோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள், உணவிலிருந்து பி12 பிரிவதற்குத் தேவையான அமிலத்தைக் குறைக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2013-இல் வெளியான ஆய்வில், இவ்வகை மாத்திரையை 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ உண்டவர்களிடம் பி12 குறைபாடு காணப்படும் வாய்ப்பு 65 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

காலையில் வெறும் வயிற்றில் 'கேஸ் மாத்திரை', உணவோடு சர்க்கரை மாத்திரை, உணவு முழுச் சைவம் என்ற மூன்றும் ஒருவரிடம் சேரும்போது குறைபாடு நேர வாய்ப்பு கூடுகிறது. கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், மறதி, எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். ஒரு இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். காலத்தோடு கண்டால் ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யலாம். மிகவும் தாமதமானால் நரம்புச் சேதம் முழுமையாக மீளாது.

சர்க்கரையை அளவுக்கு மேல் குறைப்பதும் ஆபத்து. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடும். சர்க்கரை நோயாளிகள் 16,667 பேரைத் தொடர்ந்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், கடுமையான தாழ்சர்க்கரைக்கு ஆளானவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது. விரதம் இருக்கும் முதியோர் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் உண்பது இந்த வகையில் கவனிக்கத்தக்கது.

சென்னையில் முதியோர் மருத்துவம்

ஒரு முதியவர் உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் துறை முதியோர் மருத்துவம். இந்தியாவில் இதற்கு முன்னோடியாக விளங்கியவர் வி. எஸ். நடராஜன். 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் உள்நோயாளிப் பிரிவும், 1990-களில் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான பட்ட மேற்படிப்பும் ஏற்பட்டன. நடராஜனுக்கு 2012-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

குடும்பத்தை முழுமையாகப் பார்க்கும் முயற்சியும் தென்சென்னையில் நடந்தது. கே. எஸ். சஞ்சீவி 1958-இல் தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை நிறுவனத்தின் மருத்துவமனை அடையாற்றை அடுத்து அமைந்தது. வருமானத்துக்கேற்ற ஆண்டுக் கட்டணத்தில் குடும்பம் முழுவதையும் பதிவு செய்துகொள்ளும் திட்டத்தை அது நடத்தியது.

சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் (ஸ்கார்ஃப்) முதியோர் மறதி நோய் பற்றிய '10/66' என்ற பன்னாட்டு ஆய்வில் பங்கேற்றது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயது நிறைந்தவர்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது.

மருந்துக்கு மருந்து

ஒரு மருந்தின் பக்க விளைவைப் புதிய நோயாகக் கருதி அதற்கும் மருந்து கொடுப்பது 'மருந்துத் தொடர்' எனப்படுகிறது. பவுலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ் ஆகியோர் 1990-களில் இதை விளக்கினர். கீழ்வருவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் உண்பவருக்குக் கால் வீங்குகிறது. வீக்கம் வடிய நீர் மாத்திரை தரப்படுகிறது. அதனால் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்கிறது. அதை அடக்க வேறொரு மருத்துவர் ஆக்ஸிபியூட்டினின் தருகிறார். சில வாரங்களில் மறதியும் குழப்பமும் தொடங்குகின்றன. மூன்றாவது மருத்துவர் மறதி நோய் என்று கருதி டோனபெசில் எழுதுகிறார். இப்போது ஒரு மாத்திரை அசிடைல்கோலினைக் கூட்ட, மற்றொன்று அதைத் தடுக்கிறது. டோனபெசில் சிறுநீர் அவசரத்தை அதிகமாக்கவும் கூடும்.

இதில் எந்த மருத்துவரும் தனித்தனியே தவறு செய்ததாகச் சொல்ல முடியாது. இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் என்று பெரிய நகரத்தில் முதியோர் பலரிடம் செல்கின்றனர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் வாழும் வீடுகளில் எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இருப்பதில்லை. மருந்துகள் வாரப் பெட்டியில் ஒழுங்காக இருக்கும். எந்த மாத்திரை எதற்காகத் தொடங்கியது என்பது எவருக்கும் நினைவிருக்காது.

ஆய்வுகளும் மாறுபட்ட முடிவுகளும்

முதியோருக்கு ஏற்காத மருந்துகளின் பட்டியலை 1991-இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் முதன்முதலில் வெளியிட்டார். 'பியர்ஸ் பட்டியல்' என்ற அது பலமுறை திருத்தப்பட்டு, 2023-இலும் புதுப்பிக்கப்பட்டது. மேலே கூறிய பழைய ஒவ்வாமை மருந்துகளும் பென்ஸோடையஸிபைன்களும் அதில் உள்ளன.

மருந்து தற்காலிக மறதியைத் தருவது உறுதி. அது நிலையான மறதி நோயையும் உண்டாக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2015-இல் அமெரிக்காவில் 3,434 முதியோரைச் சராசரியாக 7.3 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், அசிடைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை மிக அதிகமாக உண்டவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு 54 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2019-இல் இங்கிலாந்தில் மறதி நோயுள்ள 58,769 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்விலும் ஏறத்தாழ இதே அளவு தெரிந்தது. ஆனால் அதில் ஒவ்வாமை மருந்துகளுக்குத் தொடர்பு காணப்படவில்லை. தூக்கமின்மையும் மனச்சோர்வும் மறதி நோயின் முன்னறிகுறிகளாகவும் இருக்கலாம். அப்படியானால் நோய்தான் மருந்துக்குக் காரணம், மருந்து நோய்க்கு அன்று.

வயிற்று அமில மாத்திரை மறதி நோயைத் தரும் என்று 2016-இல் ஜெர்மன் ஆய்வொன்று கூறியது. ஆனால் 17,598 பேரிடம் நடத்திய சோதனையின் 2019-ஆம் ஆண்டு முடிவில், பான்டபிரஸோல் உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் மறதி நோயில் வேறுபாடு இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் உறையில் மறதி பற்றிய குறிப்பைச் சேர்க்க 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பணித்தது. ஆயினும் பெரிய சோதனைகளில் ஸ்டாட்டின் உண்டோரிடம் நினைவு குன்றியதாகத் தெரியவில்லை. மாரடைப்பைத் தடுக்கும் இம்மருந்தை அச்சத்தால் நிறுத்துவது கேடாக முடியும்.

நடைமுறை

மறதி என்று மருத்துவரிடம் செல்லும் குடும்பத்தார் வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்வது உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் எளிய முறை. கடையில் தாமாக வாங்கிய சளி மாத்திரை, இருமல் மருந்து, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவையும் அப்பையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது, மறதி எப்போது தொடங்கியது என்று எழுதி வைத்தால் தொடர்பு எளிதில் தெரியும். சில நாள்களுக்குள் திடீரெனத் தோன்றிய குழப்பம் மருந்தாலோ, நோய்த்தொற்றாலோ, உடலில் உப்புச் சத்து குறைந்ததாலோ வந்திருக்க வாய்ப்பு மிகுதி. அது அவசரமாகக் கவனிக்க வேண்டியது. பி12, தைராய்டு பரிசோதனைகளும் வழக்கமாகச் செய்யப்படுகின்றன.

எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக்கூடாது. பல ஆண்டுகள் உண்ட தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்; வலிப்பு மருந்துக்கும் இது பொருந்தும். மருத்துவர்கள் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், சிறிது சிறிதாகவே குறைப்பார்கள். பல மருந்துகளுக்கு மாற்றும் உண்டு: ஒவ்வாமைக்கு மூளைக்குள் குறைவாகச் செல்லும் ஃபெக்ஸோஃபெனடின் போன்றவை, தூக்கத்துக்குப் பழக்க மாற்றப் பயிற்சி ஆகியவை எடுத்துக்காட்டுகள்.

அல்சைமர் நோயை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. மருந்தால் வந்த மறதிக்கோ மருந்தை மாற்றுவதே மருந்து. ஆகவே முதியவர் ஒருவருக்கு 'மறதி நோய்' என்று பெயரிடும் முன் அவரது மருந்துப் பட்டியலைப் படிப்பது, இன்று முதியோர் மருத்துவத்தின் முதல் படிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.